போர்டை மட்டும் பிளர் பண்ணிடுங்க

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். முதல் கேள்வி, "எந்த டிவில வரும்?" இரண்டாவது கொஞ்சம் தணிந்த குரலில் வரும்: "கம்பெனி பேரு வருமா?" முதலாவதில் ஆசை இருக்கிறது. இரண்டாவதில் மாதச் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு இருக்கிறது.

நான் வேலூரில் வளர்ந்து, சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், பாதி வாரக்கடைசிகளை ரயிலில் கழிக்கிறவன். சினிமாக்காரன் இல்லை. ஆனால் படமெடுக்கும் பையன்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் லிங்க்கைப் பார்த்துவிட்டு, "எப்படிண்ணா இருக்கு?" என்பதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அதனால், புதியவர்களின் படத்தை ஒளிபரப்புவதற்கு ஒரு சேனல் எதைத் தரமென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு வெறும் கொள்கை விவாதம் இல்லை.

என் சித்தி பையன் விஸ்காம் படித்தவன். ஆம்பூரை வைத்து 24 நிமிடத்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற ஓர் அக்கா, தோல் ஷாப்பில் முப்பது வருஷம் டிரம்மோடு நின்று, இப்போது கையெல்லாம் வெடித்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், நடுவில் பாலாறு. இவ்வளவுதான் படம். கேமரா நண்பனுடையது. மைக் இரவல். எடிட் செய்தது கல்யாண வீடியோ ஸ்டூடியோ ஒன்றின் கம்ப்யூட்டரில், ராத்திரி வேளைகளில்.

புதியவர்களுக்கென்று வாரக்கடைசியில் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்த ஒரு சேனலுக்கு அதை அனுப்பினான். மூன்று மாதம் சத்தமில்லை. அப்புறம் ஒரு போன் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆடியோவில் இரைச்சல் அதிகம் என்றார் (தோல் ஷாப்புக்குள் டிரம் ஓடும்போது பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரைச்சல்தான் ஊர்ப்பாஷை). "டோன் கொஞ்சம் ஹார்ஷா இருக்கு" என்றார். "பேலன்ஸ் இல்ல" என்றார். பதினோராவது நிமிடத்தில் ஒரு கம்பெனியின் கேட் வருகிறது, மேலே பெயர்ப்பலகை. "அந்த போர்டை மட்டும் பிளர் பண்ணிடுங்க" என்றார்.

அந்தப் பதினோராவது நிமிடத்துக்குச் சற்று முன்னால், அந்த அக்கா நான்கு நிமிடம் குளோசப்பில் பேசுகிறார். லைனை விட்டு எழுந்து பாத்ரூம் போவதற்கு சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறார். அவருடைய முகத்தை என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு இது டிவியில் வருமென்று தெரியுமா, ஒப்புக்கொண்டாரா என்றும் கேட்கவில்லை.

பையன் போர்டை மறைத்து, இரைச்சலை முடிந்தவரை குறைத்து, திரும்ப அனுப்பினான். ஒரே வரியில் மெயில் வந்தது: எங்கள் நிகழ்ச்சித் தரத்துக்குப் பொருந்தவில்லை. அந்தத் தரம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று போனில் கேட்டிருக்கிறான். "அதை எடிட்டோரியல் டீம் பாத்துக்குவாங்க தம்பி" என்று பதில்.

"இன்னாண்ணா பண்றது?" என்று என்னிடம் கேட்டான். நிராகரித்தது அவனுக்குப் பெரிய வருத்தமாக இல்லை. எதைத் திருத்தினால் உள்ளே விடுவார்கள் என்று தெரியாததுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

என் வேலையில் தினமும் கோட் ரிவ்யூ உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொன்ன பிறகுதான் அது உள்ளே போகும். அங்கே யாரும் பூப்போலப் பேசுவதில்லை. ஆனால் குறை சொல்கிறவர் எந்த வரி, ஏன் தவறு, எந்த விதியை மீறுகிறது என்று எழுதியாக வேண்டும். ‘டோன் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அவருடைய மேனேஜரே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார். விதிகள் ஒரு பக்கத்தில் இருக்கும். நேற்றுச் சேர்ந்த பையனும் முதல் நாளே அதைப் படிக்கலாம். சினிமா கோட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ரசனையை வரி எண் போட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘ரசனைக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘தரத்துக்குப் பொருந்தவில்லை’ என்பதும் வேறு வேறு. முதலாவது நேர்மையான பதில். இரண்டாவது, இருக்கிறதா என்றே தெரியாத ஒரு காகிதத்தைக் கைகாட்டுவது.

*

ஒரு சேனல் தன் காரணங்களை வரிசையாகச் சொன்ன ஒரு வழக்கு இந்தியாவில் உண்டு. 1984 டிசம்பர் போபால் விஷவாயு விபத்தைப் பற்றித் தபன் போஸும் அவருடைய நண்பர்களும் ‘பியாண்ட் ஜெனோசைட்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். தணிக்கையில் ‘யு’ சான்றிதழ் கிடைத்தது. 1987-ன் சிறந்த கதையல்லாத படத்துக்கான தங்கத் தாமரையும் கிடைத்தது. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1992-ல் தீர்ப்பு வந்தது.

தூர்தர்ஷன் சொன்ன காரணங்களை இன்று படித்தால் சுவாரசியமாக இருக்கும். படம் பழசாகிவிட்டது. இப்போது பொருத்தமில்லை. நிதானமும் கட்டுப்பாடும் இல்லை. நியாயமாகவும் சமநிலையாகவும் இல்லை. அரசியல் கட்சிகள் இந்தப் பிரச்சினையை எழுப்பிக்கொண்டிருக்கின்றன. இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. ஏற்கெனவே சூடாக இருக்கும் சூழலில் கொந்தளிப்பு வரலாம். மாநில அரசை விமர்சிக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து என் சித்தி பையனுக்கு வந்த போனில் இருந்த ‘ஹார்ஷ்’, ‘பேலன்ஸ்’ இரண்டுக்கும் அங்கேதான் தாத்தா பாட்டி.

நீதிமன்றம் அந்தப் பட்டியலை ஒதுக்கித் தள்ளிவிடவில்லை. எடுத்துப் பார்த்தது. அரசை விமர்சிக்கிறது என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. எல்லோரும் ஒப்புக்கொள்கிற பார்வையாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. போபாலில் என்ன நடந்தது, பிறகு என்ன செய்தார்கள் என்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: தக்க காரணம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மறுக்கிறவர் பக்கம். படத்தை ஏன் காட்ட வேண்டும் என்று எடுத்தவன் கெஞ்ச வேண்டியதில்லை. ஏன் காட்டமாட்டேன் என்று மறுப்பவர் சொல்ல வேண்டும்.

அதே தீர்ப்பில் இன்னொரு வழக்கும் சேர்ந்திருக்கிறது. மனுபாய் ஷா என்பவர் எல்.ஐ.சி. பாலிசிதாரர்களை எப்படி நடத்துகிறது என்று விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு எல்.ஐ.சி. தரப்பு மறுப்பு, நிறுவனத்தின் சொந்த இதழான ‘யோகக்ஷேமா’விலும் வெளியானது. ஷா தன் பதிலையும் அதில் போடச் சொன்னார். இது எங்கள் வீட்டுப் பத்திரிகை என்று மறுத்துவிட்டார்கள். மறுப்பைப் போட்ட இடத்தில் பதிலையும் போட வேண்டும் என்றது நீதிமன்றம். காட்டப்படும் உரிமையும் பதில் சொல்லும் உரிமையும் ஒரே தீர்ப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தரம் என்று நாம் பேசுவதில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தூர்தர்ஷன் பொதுப்பணத்தில் நடக்கும் அரசு அமைப்பு. அதனால்தான் அரசமைப்பின் 19(2)-ஐக் காட்டி அதைக் கேட்க முடிந்தது. ஆனந்த் பட்வர்தன் தன் படங்களுக்காகத் தூர்தர்ஷனோடு திரும்பத் திரும்ப நீதிமன்றம் போனதும் அதே வழியில்தான். அவருடைய ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்துக்கு 2006-ல்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. தனியார் சேனலை இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்களுக்குப் பிடித்ததைப் போட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆகவே 1992 தீர்ப்பு என் சித்தி பையனுக்கு நேரடியாக உதவாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் முறைதான். காரணத்தை எழுது. எழுதியதை ஒவ்வொன்றாகச் சோதி.

*

சரி, தனியார் சேனல்களுக்கு எழுதின விதியே கிடையாதா? உண்டு. கேபிள் டிவி விதிகள், 1994. அதில் ஆறாவது விதி. நிகழ்ச்சி நெறிமுறை என்று அதைத்தான் சொல்வார்கள். எதையெல்லாம் காட்டக்கூடாது என்று ஒரு நீளமான பட்டியல். நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் விரோதமானது, நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களைத் தாக்குவது, ஆபாசம், அவதூறு, அரை உண்மை, நீதிமன்ற அவமதிப்பு என்று போகும். அதில் ஒரு வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன். தனிநபரையோ சமூகத்தின் சில பிரிவுகளையோ விமர்சிப்பது, இழிவுபடுத்துவது, அவதூறு செய்வது என்று மூன்றும் ஒரே மூச்சில் வருகிறது. விமர்சனமும் அவதூறும் ஒரே பெஞ்சில். இந்த வரியை அப்படியே கடைப்பிடித்தால் ஆம்பூரைப் பற்றி மட்டுமல்ல, ஆம்பூர் பிரியாணியைப் பற்றியும் படமெடுக்க முடியாது. சீரகச் சம்பா சரியில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு நீளப் பட்டியலில், கேமரா முன்னால் பேசுகிறவரிடம் என்ன சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. குற்றம் சாட்டப்படுகிறவரிடம் எப்போது பதில் கேட்க வேண்டும் என்றும் இல்லை. செய்திச் சேனல்களின் அமைப்பு தனக்கென்று ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. ஓ.டி.டி. தளங்களுக்கு 2021 விதிகள் வந்தன. வயதுவாரியாகப் படங்களைப் பிரிப்பதும் மூன்று அடுக்குப் புகார் முறையும் அதில் உண்டு. இவை பெரும்பாலும் பார்க்கிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. யார் மனம் புண்படும், எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம் என்பதுதான் கேள்வி. படத்துக்குள் இருக்கிறவர் அடுத்த நாள் காலை ஷிஃப்ட் வேனில் ஏற வேண்டும் என்பது யார் பட்டியலிலும் பெரிதாக இல்லை. சேனல் போர்டை மறைக்கச் சொல்லி முகத்தை மறந்ததற்கு அந்த மனிதரை மட்டும் குறை சொல்ல முடியாது. கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். தையல் லைன் அக்கா அனுப்பமாட்டார்.

*

தமிழ் டிவியில் புதியவர்களுக்குக் கதவு திறந்தது பற்றிப் பேசினால் ‘நாளைய இயக்குநர்’ இல்லாமல் பேச முடியாது. 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அந்த வழியாக வந்து ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’ என்று போனார்கள். அங்கே குறும்படமாக இருந்த ‘முண்டாசுப்பட்டி’யும் ‘பண்ணையாரும் பத்மினியும்’ 2014-ல் முழுநீளப் படங்களாகத் தியேட்டருக்கு வந்தன. என் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கக் கூட்டம் இருக்கும். ‘நம்மளும் எடுக்கலாம் மச்சி’ என்று பேசாத இன்ஜினியரிங் ஹாஸ்டல் அப்போது தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

அந்த நிகழ்ச்சியின் பெரிய நல்ல விஷயம், நடுவர்கள் படத்தைப் பற்றிப் பேசியதை எல்லோரும் கேட்டது. எடுத்தவன் நின்று கேட்பான். வீட்டிலிருந்து நாமும் கேட்போம். கதை இழுக்கிறது, கடைசித் திருப்பம் முன்னாடியே தெரிந்துவிட்டது, நடிப்பு செயற்கை. எது எடுபடும் என்று ஆயிரக்கணக்கான பையன்கள் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். ஒரு தரம் வெளிப்படையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். அதனுடைய எல்லையும் அதுவே. கற்பனைக் கதையில் ஒரு முதலாளியைக் கெட்டவனாக்கினால் யாரிடமும் பதில் கேட்க வேண்டியதில்லை. சோதனை திரைக்கதையில் முடிந்துவிடும். ஆவணப்படத்துக்கு அந்த அளவுக்கு மேடை இங்கே அமையவில்லை. ஆவணப்படத்துக்கே உரிய கேள்விகளைப் பொதுவில் கேட்டுப் பழகும் வாய்ப்பும் அமையவில்லை.

வெளியே இதற்குப் பழைய முயற்சிகள் உண்டு. 1973-ல் பி.பி.சி. ‘ஓப்பன் டோர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, சாதாரண மக்களின் குழுக்களிடம் நேரத்தைக் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்றது. சட்டத்தை மீறக்கூடாது என்பது போன்ற சில எல்லைகள்தான். 1982-ல் வந்த சேனல் 4-க்குப் புதுமையும் பரிசோதனையும் சட்டப்படியான கடமை. அங்கே ‘பாவம், புதுசு’ என்று யாரும் தரத்தைத் தளர்த்தவில்லை. அழகியல் விஷயத்தில் கையை எடுத்துக்கொண்டு, நியாயம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கறாராக இருந்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. இரைச்சல், கலர், பி.ஜி.எம். என்றால் கறார், உண்மை, சம்மதம் என்றால் பார்த்துக்கலாம்.

*

தோல் ஊர்களில் இந்தத் தலைகீழ் ஏன் ஆபத்து என்று சொல்கிறேன்.

இங்கே ஒரு படம் எடுத்தால் அது யார்மீதாவது குற்றச்சாட்டாகத்தான் முடியும். ஊரின் கதை அப்படி. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இன்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும், முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அறிவித்தார்கள். தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றுக்காக இழப்பீட்டைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம்.

இதே ஊரில்தான் காலை ஏழு மணிக்கு கம்பெனி வேன்களும் பஸ்களும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. பல வீடுகளில் அந்தச் சம்பளம்தான் முதல் முதலாக ஒரு பெண்ணின் கைக்கு வந்த மாதச் சம்பளம். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் முதலாளிக்கு முன்னால் அவர்களே கோபப்படுவார்கள். "மூடிட்டா நீ சோறு போடுவியா?" என்ற கேள்வியைக் கேட்காமல் இங்கே யாரும் படம் எடுத்து முடித்ததில்லை. நுரைத்தண்ணியை மட்டும் காட்டி, சோகமாக ஒரு புல்லாங்குழலைப் போட்டு முடிக்கிற படம் அந்தப் பெண்களுக்கும் நியாயம் செய்யாது.

என் சித்தி பையனின் படத்திலும் நுரை ஷாட் ஒன்று இருந்தது. அழகான ஷாட். பின்னணிக் குரல் அதை ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கழிவு என்று சொன்னது. அவனுடைய நண்பன் ஒருவன், வேதியியல் படித்தவன், பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்த நுரை எந்தக் குழாயிலேர்ந்து வருதுன்னு பாத்தியா?" பாலாற்றில் ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. நுரை வந்தாலே தோல் ஷாப் என்று சொல்லிவிட முடியாது. பையன் மூன்று நாள் கரையோரமாக நடந்து பார்த்துவிட்டு அந்த வரியை எடுத்தான். ஷாட்டை வைத்துக்கொண்டான்.

சேனலில் இருந்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹார்ஷ் என்றார்கள், ஹார்ஷாகச் சொல்லப்பட்டது உண்மையா என்று கேட்கவில்லை. உண்மையான எடிட்டோரியல் தரம் என்ற ஒன்று இருந்திருந்தால் அது அவர்கள் வைத்ததைவிடக் கடுமையாக இருந்திருக்கும். அவனும் முகம் கோணாமல் செய்திருப்பான். எந்தக் குழாய் என்று கேட்டிருந்தால் நடந்துபோய்ப் பார்த்திருப்பான். டோன் என்றால் எங்கே நடந்துபோவது?

‘பேலன்ஸ்’ விஷயமும் இப்படித்தான். தொழிலாளிக்குப் பன்னிரண்டு நிமிடம், முதலாளிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று பிரிப்பது பேலன்ஸ் இல்லை. பிரிட்டனில் ஆஃப்காம் வைத்திருக்கும் ஒளிபரப்பு விதி எளிமையானது: ஒருவர்மீது தவறு செய்ததாகக் குற்றம் சாட்டினால், பதில் சொல்ல அவருக்குப் பொருத்தமான, போதிய அவகாசத்தோடு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். படத்தை முன்கூட்டிப் போட்டுக்காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. கேள்வியை எழுதி அனுப்பு, பதில் வந்தால் நியாயமாகச் சேர், வராவிட்டால் வரவில்லை என்று போடு. அவ்வளவுதான். யோகக்ஷேமா வழக்கில் நம்ம உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

கம்பெனிக்கு முன்கூட்டிப் போட்டுக்காட்டத் தேவையில்லை என்றால் அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் காட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது, நாளைக்கே மறுப்பு அறிக்கை விடலாம். அக்காவுக்கு இருப்பது அந்த நான்கு நிமிடம்தான். அது தப்பாகப் போனால் திருத்திக்கொள்ள அவருக்கு இடமே கிடையாது. பலம் சமமாக இல்லாத இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே விதி வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

பையன் படத்தை மொபைலில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். முழுதாகப் பார்த்தார். பாத்ரூம் விஷயத்தை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று இவன் தயாராகப் போயிருக்கிறான்.

"அந்த லோன் விசயம் பேசனேன் பாரு, அத மட்டும் எடுத்துடு தம்பி," என்றாராம். "குழுக்காரங்க எல்லாம் இதே தெருவுலதான் இருக்காங்க."

"பாத்ரூம் விசயம் இருக்கட்டுமாக்கா? சூப்பர்வைசர் பாத்துட்டார்னா?"

"அவருக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். அது இருக்கட்டும்."

லோன் பேச்சு படத்தில் பத்து விநாடிகூட இல்லை. நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. எந்த வரி ஒருவரைச் சுடும் என்பது அந்தத் தெருவில் குடியிருக்கிறவருக்குத்தான் தெரியும், சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. நல்ல தரம் என்பது அந்த ஊகத்தைச் சரியாகச் செய்வது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்பதைக் கட்டாயமாக்குவதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

*

இவ்வளவு பாடுபடுவதற்கு யூடியூப்பில் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2017-ல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை யூடியூப்பில்தான் வெளியிட்டார். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிய படம். திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்த பிறகு அதை இணையத்தில் ஏற்றினார், ஏராளமானோர் பார்த்தார்கள். எந்த சேனலின் தரக் கமிட்டிக்காகவும் அது காத்திருக்கவில்லை. அந்த வகையில் அது பெரிய விடுதலை. ஆனால் அதற்குப் பிறகு வந்த வழக்கையும் மிரட்டல்களையும் எடுத்த ஒருத்தர்தான் தாங்கினார். ஒரு நிறுவனம் படத்தைச் சோதித்து, சட்டப் பிரிவு படித்து, ‘இது எங்கள் ஒளிபரப்பு’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சுமையில் பாதி அதன் தலையில் இறங்கியிருக்கும்.

தரம் என்பதை வாசலில் நிற்கும் காவலாளியாகவே நாம் பார்க்கிறோம். உள்ளே விட்ட பிறகு அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. கேள்வி எல்லாம் கேட்டு, சோதித்து, ஒப்புக்கொண்ட சேனல், நாளைக்கு ஒருவர் நோட்டீஸ் அனுப்பும்போது எடுத்தவனுக்கு முன்னால் நிற்க முடியும். ஒன்றுமே கேட்காமல் போர்டை மறைத்துப் போடுகிற சேனலால் அப்படி நிற்க முடியாது. அதற்குத் தான் எதைக் காட்டினோம் என்றே தெரிந்திருக்காது. முதல் படம் எடுக்கிறவனிடம் பணமில்லை, வக்கீல் இல்லை, பெயருமில்லை. அவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. அதனால்தான் புதியவர்களின் படத்துக்குத் தரத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

கேட்பது ஒரு பக்கக் காகிதம். படத்தை வாங்குவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டியது. தமிழில், ஐந்தாறு கேள்விகள் போதும். பேசியவர்களுக்கு இது எங்கே வரப்போகிறது என்று சொன்னீர்களா? கடைசி வடிவத்தைக் காட்டினீர்களா? குற்றச்சாட்டு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள், ஒவ்வொன்றையும் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? எதிர்த்தரப்பிடம் என்றைக்குக் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள்? முகமோ பெயரோ மறைக்க வேண்டியவர் யாராவது உண்டா, அதை முடிவு செய்தது யார்? இதற்கெல்லாம் பதில் இருந்தும் வேண்டாம் என்று சேனல் சொன்னால், ஏன் என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். ‘எங்கள் ரசனைக்கு ஒத்துவரவில்லை’ என்று எழுதினாலும் சரிதான்.

அந்தக் கேள்விகளை என் சித்தி பையன் தன் மொபைலில் தட்டி வைத்திருக்கிறான். கோடம்பாக்கத்துக்கோ சேனலுக்கோ அனுப்புவதற்காக இல்லை. அடுத்த படத்துக்காக. பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்களைப் பற்றி எடுக்கப்போகிறான். இந்தி கற்றுக்கொண்டிருக்கிறான். சம்மதம் கேட்பதென்றால் அவர்களுடைய மொழியில் கேட்க வேண்டுமல்லவா என்கிறான்.